கொடைக்கானல் ஏரியில் முங்குவது வாத்துதானா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "போன மே மாதம் கொடைக்கானல் ஏரியில் ஒரு குட்டி வாத்து முங்கி முங்கிப் போனது. எங்கே எழும் என்று பார்த்தே என் பையன் களைத்துப்போனான். அது என்ன வாத்து? இந்த லீவுக்கும் வருகிறோம், வேறு என்ன பார்க்கலாம்?"

அது வாத்தே இல்லை, சகோதரி. முக்குளிப்பான். வாத்துக்கு அலகு தட்டையாக இருக்கும், இதற்குக் கூராக இருக்கும். வால் இருக்கிற மாதிரியே தெரியாது. கோடையில் கழுத்து செம்பழுப்பாகி, அலகு தொடங்கும் இடத்தில் மஞ்சள் பொட்டு வைத்தது போல இருக்கும். கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் நீச்சலில் கில்லாடி, தரையில் நடக்கத்தான் திண்டாடும்.

கூடு கட்டுவது இன்னும் வேடிக்கை. நாணலோரம் அழுகிய பாசியையும் தண்டையும் குவித்து மிதக்கவிடும். முதல்முறை பார்த்தபோது யாரோ எறிந்த குப்பை என்றுதான் நினைத்தேன். எழுந்து போகும்போது முட்டைமேல் பாசியை இழுத்து மூடிவிடும். அதனால் வெள்ளை முட்டை நாளாக ஆகப் பழுப்பேறிவிடும். குஞ்சு பொரித்தால் தாய் முதுகில் ஏறிக்கொண்டு சவாரி வரும், தலையில் வரிவரியாக இருக்கும். நீங்கள் பார்த்தால் கரையிலேயே நின்றுவிடுங்கள், போட்டோவுக்காகப் படகைக் கிட்டே விட வேண்டாம்.

சரி, வேறு என்ன? 1863-இல் மனிதர்கள் உண்டாக்கிய ஏரிதான், ஆனாலும் கரையோரம் சும்மா இருக்காது. படகு விடுவதற்கு முன்னால், காலையிலேயே போய்விடுங்கள். சேற்று நிறத்தில் அசையாமல் நிற்பது மடையான், குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கண் என்னவோ ரொம்பக் கூர்மைதான்! பறந்தால் சட்டென்று வெள்ளையாகிவிடும், இறக்கையை விரித்தால்தான் அந்த வெள்ளை தெரியும். குளிர்காலத்தில் ஓடையோரம் வாலாட்டிக்கொண்டு திரியும் சாம்பல் வாலாட்டியை மட்டும் மே மாதம் தேடாதீர்கள், அது வடக்கே போயிருக்கும்.

வெயில் ஏறியதும் பையனிடம் தட்டானைக் காட்டுங்கள். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாகத் தூக்கி உட்காரும். உடம்பில் வெயில் குறைவாகப் படத்தான் அந்த வித்தை. தண்ணீரோரத் தண்டுகளில் முதுகு பிளந்த காய்ந்த கூடு ஒன்று ஒட்டியிருந்தால் விடாதீர்கள். தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் புழு ஏறிவந்து உரித்துப்போட்ட சட்டை அது. தொட்டால் நொறுங்கும், பார்த்துக் கையாளச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே பிரையன்ட் பூங்கா. கொண்டைக்குருவி தாராளமாக வரும்.

அப்புறம் ஒன்று. சாயங்காலம் ரோட்டில் காட்டுமாடு நின்றால் கிட்டே போய் செல்பி எடுக்கிறார்கள். மாடு என்றாலும் டன் எடைக்கு வளரக்கூடியது. வழி விட்டு, வந்த வழியே திரும்பிவிடுங்கள். இ-பாஸும் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும்.