வாசல் கதவில் ஒட்டிய காகிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கொடைக்கானலில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறேன். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, குடும்பத்தில் பணத்தை எப்படிப் பார்த்துச் செலவழிப்பது என்று பேச முடியுமா என்று கேட்டார்கள். வீட்டை விற்றதைப் பற்றிப் பேசட்டுமா, அதைக் கேட்க வேண்டியவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். சரி என்றார்கள்.

2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், நாயுடுபுரத்தில் இருந்த எங்கள் சொந்த வீட்டை விற்றோம். வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் விற்றோம். இப்படி வெளிப்படையாகச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை யார் கேட்டாலும், "பொண்ணு படிப்புக்காக வித்துட்டோம்" என்றுதான் சொன்னேன்.

அது என் மாமனார் கட்டிய கல் வீடு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிற பாதையிலிருந்து கொஞ்சம் சரிவில் இறங்க வேண்டும். வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். 2018-இல் குறிஞ்சி பூத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூப்பதைப் பார்க்க அத்தனை கூட்டம் மலை ஏறி வந்தது. தங்க இடமில்லாமல் குழந்தைகளோடு வண்டிக்குள் படுத்துக் கிடந்த குடும்பங்களை அவரே பார்த்திருக்கிறார். மேலே இரண்டு அறை போட்டால் சீசனுக்கு விடலாம், வேனையும் சேர்த்து ஓட்டலாம் என்று கணக்குப் போட்டோம். பதினெட்டு லட்சம் கடன், இருபது வருஷத் தவணை, மாதம் 15,900 ரூபாய்.

மலையில் கட்டடம் என்றால் செங்கல், மணல், கம்பி எல்லாம் வத்தலக்குண்டுப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போதே, நவம்பரில் கஜா புயல். மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது, வேலை நின்றது. ஒருவழியாக 2019 ஏப்ரலில் முடித்தோம். ஒரே ஒரு சீசன் பார்த்தோம். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது.

2020, 2021 இரண்டு வருஷமும் மே மாத சீசன் எங்களுக்கு இல்லை. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. நாங்கள் அதைத் தள்ளுபடி மாதிரி நினைத்துக்கொண்டோம். தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு மாத வட்டி எழுபதாயிரம் ரூபாய் வரை அசலோடு போய்ச் சேர்ந்தது. பிறகு 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ஏற்ற ஆரம்பித்து, 4 சதவீதத்தில் இருந்ததை 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்குக் கொண்டுபோனது. எங்களுடையது அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் மாறும் வட்டி. பொதுவாக வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டு வருஷத்தை நீட்டிவிடும். எங்கள் வீட்டுக்காரரின் வயதுக்கு அதற்கு மேல் நீட்ட முடியாது என்று தவணையையே 18,300 ஆக்கினார்கள். வேனுக்கும் தனிக் கடன் இருந்தது. வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிழைப்பே இல்லை. அதனால் வேனுக்குக் கட்டினோம், வீட்டுக்கு விட்டோம்.

இதுவரை நடந்ததில் எங்கள் தப்பு கொஞ்சம், காலத்தின் தப்பு கொஞ்சம். அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு. ஏனென்றால் மறைத்தோம்.

தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழி செய்யும் 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி, அறுபது நாளில் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். எங்களுக்கு 2023 ஜனவரியில் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, முதல் பக்கத்தைப் படித்து, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். மாமியாரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் ராத்திரி சொன்னேன். "இப்போ பேச வேணாம்" என்றார். மூன்று மாதம் நாங்கள் இருவரும் அதைப் பேசவே இல்லை.

அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதலாம் என்பதே எனக்குத் தெரியாது. நம் நிலைமையைச் சொல்லி, ஆட்சேபம் இருந்தால் அதையும் எழுதிக் கொடுத்தால், வங்கி பதினைந்து நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சீசன் வரைக்கும் அவகாசம் கேட்டிருக்கலாம், தவணையை மாற்றி அமைக்கக் கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்டிருக்கலாம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? என் வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்து இரண்டு தவணை கட்டினோம். அப்புறம் வெளியில் மாதம் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி அதிலும் கட்டினோம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மூஞ்சி தெரிந்த ஆள், எழுத்து இல்லாமல் கொடுக்கிறார், ஊருக்குத் தெரியாது என்று போய் வாங்கினோம். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்ததில் இதுதான் மிகவும் மோசம். வங்கிக் கடனைக் கட்டக் கந்துவட்டி வாங்காதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஏப்ரலில் வாசலில் காகிதம் ஒட்டினார்கள். சொத்தை வங்கி சட்டப்படி சுவாதீனம், அதாவது தன் வசம், எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு. வந்த இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் பசையைத் தடவினார், இன்னொருவர் ஃபோட்டோ எடுத்தார். அன்றைக்கே பூட்டவில்லை, நாங்கள் உள்ளேதான் இருந்தோம். ஆனால் அந்தக் காகிதம் வாசலில் இருக்கும்போது உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அதே அறிவிப்பைப் பத்திரிகையிலும் போடுவார்கள். இரண்டு பத்திரிகை, அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். பேர், தகப்பனார் பேர், கதவு எண், நாலு எல்லை, பாக்கித் தொகை, பைசா வரைக்கும் அதில் இருக்கும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலைப்பூண்டு வாங்கினேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் எங்கள் வீட்டு நாலு எல்லையும் இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்தேன். கையில் இருந்த பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பை ஞாபகம் வந்தது.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கட்டுகிற கஷ்டத்தை எல்லோரும் கேட்பார்கள், புதுமனை புகுவிழாவுக்கு வந்து பாயசம் சாப்பிடுவார்கள். விற்கிறவனிடம் வந்து என்னப்பா கஷ்டம் என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். மாமியார் கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போகாமல் இருந்தார். நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நாத்தனார் பழனியிலிருந்து ஃபோன் பண்ணி, "எங்கப்பா கட்டின வீட்டைக் காப்பாத்தத் தெரியலையா மதினி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அழுகைதான் இருந்தது. எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

எங்களை அசைத்தது பள்ளியில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சர். அவருடைய தம்பி திண்டுக்கல்லில் வக்கீல் குமாஸ்தா. நான் எதுவும் சொல்லாமலே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏலத் தேதி போட்டுட்டாங்களா, இன்னும் போடலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். பரிதாபப்படவில்லை, துருவவில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி உயிர் வந்தது. போடவில்லை என்றேன். அப்படியானால் நேரம் இருக்கிறது என்றார்.

நேரம் இருந்தது. ஏல விற்பனை அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரை முழுப் பாக்கியையும் செலவோடு கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். 2016-இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கெடுவை வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்துவிட்டால் அந்த உரிமை கையை விட்டுப் போய்விடும். கையில் பணம் இல்லை என்றாலும், வாங்குகிற ஆளை நாமே பிடித்து, அவர் பணத்தை நேராக வங்கிக்குக் கட்டச் செய்யலாம். ஒன்று மட்டும் முக்கியம். அறுபது நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. வங்கி செய்தது சட்டப்படி இல்லை என்று தோன்றினால், சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களுக்கு அந்த வழக்கு இல்லை. வாங்கியது உண்மை, கட்டாததும் உண்மை.

ஏலத்துக்கு விட்டால் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள். ஆள் குடியிருக்கிற வீடு, பிரச்சினை உள்ள வீடு என்று வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். பாக்கி போக மிச்சம் இருந்தால் நம்மிடம் தர வேண்டும் என்பது சட்டம். பற்றாக்குறை வந்தால் மீதிக்கும் நம்மிடம்தான் வருவார்கள். அதனால் நாமே விற்பது மேல் என்று முடிவு செய்தோம். மதுரைக்காரர் ஒருவர் வந்தார். மலையில் கட்டட அனுமதி கடுமையாக இருப்பதால் அவர் முதலில் கேட்டது பட்டாவும் அனுமதி வரைபடமும்தான். நல்லவேளை, மாடிக்கு முறையாக அனுமதி வாங்கியிருந்தோம். நாற்பத்தொரு லட்சத்துக்கு முடிந்தது. முந்தின டிசம்பரில் கீழ்த்தெருக்காரர் ஒருவர் தானாகவே நாற்பத்தாறு கேட்டிருந்தார், விற்கிற எண்ணமே இல்லை என்று அவரிடம் வீறாப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தோம்.

வங்கியில் கணக்கை முடிக்க எவ்வளவு என்று எழுதி வாங்கினோம். பத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம். மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தால் அதற்கென்று அபராதம் போடக்கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் அந்தத் தொகைக்கு வங்கி பேரிலேயே டிடி எடுத்தார். மூலப் பத்திரம் கைக்கு வந்தது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் அது ஏறும். 2023 டிசம்பரிலிருந்து, கடன் முடிந்து முப்பது நாளுக்குள் பத்திரத்தைத் தராவிட்டால், தாமதம் வங்கியுடையது என்றால், நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது.

வசூலுக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் அவர்கள் ஃபோன் பண்ணக் கூடாது. அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. மீறினால் வங்கியில் எழுதிக் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-இல் வழி சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும்.

வீட்டைக் காலி பண்ணுவதற்கு முதல் நாள், வெந்நீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் தேய்த்தேன். காகிதத்தை எப்போதோ எடுத்தாகிவிட்டது. பசை மட்டும் நாலு மூலையிலும் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. ஜூலைப் பனியில் ஊறி, வெயிலில் காய்ந்து, அதன் மேல் தூசி படிந்து கறுத்திருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பச்சைப் பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. மாமியார் வந்து பார்த்தார். உள்ளே போய் இன்னொரு நாரை எடுத்துவந்து கீழ் மூலையைத் தேய்க்க உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

சாமான்களை ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிடலாம் என்பது எங்கள் வீட்டுக்காரர் எண்ணம். லோடு ஏற்ற வந்த அண்ணன், "பகல்ல வர்றேன்க்கா. ராத்திரி சரிவுல பீரோவைத் தூக்கினா ஆளு விழுந்துருவான்" என்றார். பகல் பதினொரு மணிக்கு ஏற்றினோம். எதிர்வீட்டு அக்கா காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இன்னும் நாலு பேர் வந்து பாத்திர மூட்டைகளைத் தூக்கினார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது.

மூஞ்சிக்கல் பக்கம் ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு ஒரு வீடு பிடித்தோம். கந்துவட்டியை முடித்தோம், நகையை மீட்டோம், வேன் கடனை அடைத்தோம், நாத்தனாருக்கும் ஒரு பங்கு கொடுத்தோம்.

போன மாதம் மகளைப் பெண் பார்க்கத் தேனியிலிருந்து வந்திருந்தார்கள். பையனின் அப்பா உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சொந்த வீடுங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "ஒத்தி வீடுங்க. நாயுடுபுரத்துல சொந்த வீடு இருந்துச்சு, பேங்க் கடனைக் கட்ட முடியாம வித்துட்டோம்." எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாறுற வட்டியா போட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் இவர். பெரியவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் தவணை இரண்டு நின்றிருக்கிறதாம், பையனுக்குத் தெரியாதாம். அடுத்த அறையில் பெண்ணும் பையனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பீரோவைத் திறந்து, அந்த ஜனவரி நோட்டீஸ் இருந்த ஃபைலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

வணக்கம்.