சேமித்த மின்னஞ்சலும் கணினி வைரஸும்: ஒரு விளக்க வீடியோவின் எழுத்து வடிவம்

[திரை: கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கடைகள். பின்னர் ஒரு மடிக்கணினியில் பழைய மின்னஞ்சல்களின் நீண்ட பட்டியல்.]

குரல்: 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர், தம்மிடம் எஞ்சிய போட்டோப் பிரதியை ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்பிய படம்தான் அவர்களுட் சிலருக்கு இன்று கையிலுள்ள ஒரே ஆதாரம். சங்கமானாலும் சிறு நெல் ஆலையானாலும், கொடுக்கல் வாங்கலின் எழுத்துச் சாட்சி யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியிலேயே கிடக்கிறது. அந்தப் பெட்டியை வைரஸ் அழித்துவிடாமல் காப்பது எப்படி என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[திரை: தண்டர்பேர்டின் சுயவிவரக் கோப்புறை. 'இன்பாக்ஸ்' என்ற பெயருள்ள ஒரு பெரிய கோப்பு வட்டமிடப்படுகிறது.]

குரல்: உலாவியில் ஜிமெயிலைத் திறந்து படிப்பவரின் கடிதங்கள் கூகுளின் சேர்வரில் இருக்கின்றன, அவருடைய கணினிக்குள் புகும் வைரஸ் குறிவைப்பது பெரும்பாலும் கடவுச்சொல்லையே. ஆனால் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் மூலம் கடிதங்களைத் தம் கணினியிலேயே சேமித்து வைப்பவரின் நிலை வேறு. அவுட்லுக் பல்லாயிரம் கடிதங்களை பிஎஸ்டி என்று முடியும் ஒரே கோப்புக்குள் வைக்கிறது. தண்டர்பேர்டும் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரே கோப்பை வைத்து, வரும் கடிதங்களை அதன் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. திரையில் தெரியும் இந்தக் கோப்புக்கு நீட்சிப் பெயர்கூட, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வந்து கோப்பின் வகையைக் காட்டும் எழுத்துகள்கூட, இல்லை என்பதால், என்னவென்று அறியாத ஒருவர் இதைக் குப்பை என நினைத்து அழித்துவிடவும் கூடும்.

இந்த அமைப்பால் ஆபத்து இரு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒன்று வைரஸ், மற்றது, என் கணிப்பில் அதைவிட அடிக்கடி நேர்வது, வைரஸை அகற்ற முனையும் மென்பொருள். பழைய கடிதம் ஒன்றின் இணைப்பில் வைரஸ் இருப்பதைக் கண்ட தடுப்பு மென்பொருள், அந்த ஒரு கடிதத்தை மட்டும் பிரித்தெடுக்கத் தெரியாமல், அது இருக்கும் முழுக் கோப்பையும் தனிமைப்படுத்திவிடுவதுண்டு. மறுநாள் தண்டர்பேர்டைத் திறப்பவர் வெறும் பெட்டியைக் காண்கிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது.

இவ்வளவு அவசரம் தேவையில்லை. மின்னஞ்சலோடு வரும் இணைப்பு, அனுப்பப்படும்போதே வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்துகளாக ஆவதால்தான் இணைப்புகள் அனுப்பும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கின்றன. பெட்டிக்குள் அந்த வடிவிலேயே கிடக்கும் வைரஸ், யாராவது இணைப்பைத் திறக்கும் வரையில் தானாக இயங்காது. ஆகவே எச்சரிக்கை தோன்றியதும் 'அழி' என்ற பொத்தானை அழுத்தாமல், எந்தக் கோப்பு, எந்தக் கடிதம் என்று முதலில் பாருங்கள். அந்தக் கடிதத்தை தண்டர்பேர்டுக்குள்ளேயே அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கி, பின்னர் கோப்புறைமீது வலப்பக்கச் சுட்டியை அழுத்தி 'கொம்பெக்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இந்தக் கடைசிப் படி செய்யப்படாவிட்டால், அழித்த கடிதம் பட்டியலிலிருந்து மறையுமே தவிர, கோப்புக்குள் அப்படியே இருக்கும். தடுப்பு மென்பொருளும் மீண்டும் மீண்டும் கத்திக்கொண்டிருக்கும்.

[திரை: ஒரு மின்னஞ்சல் இணைப்பின் பெயர் பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.]

குரல்: வைரஸ் உள்ளே வரும் வழி பெரும்பாலும் இணைப்புத்தான். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் நீட்சிப் பெயரை மறைத்துக் காட்டியதால், இயங்கக்கூடிய அந்தக் கோப்பு பலருடைய கண்ணுக்கு சாதாரண எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. அந்த மறைப்பு இன்றும் விண்டோஸின் இயல்பு அமைப்பாக இருப்பது எனக்கு விளங்காத ஒன்று. விண்டோஸ் 11இல் கோப்புறையைத் திறந்து, 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால், பிடிஎஃப் போல வேடமிட்டு, ஈஎக்ஸ்ஈ என்று முடியும் இயங்கக்கூடிய கோப்பு தன் முழுப் பெயரோடு வெளிப்பட்டுவிடும்.

தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதும் போதிய காப்பு அல்ல. எமோடெட் என்ற வைரஸ், தான் பிடித்த கணினியின் அவுட்லுக்கில் இருந்த பழைய கடிதங்களைத் திருடி, அந்த உரையாடல்களுக்கே பதில் எழுதுவதுபோல இணைப்புகளை அனுப்பியது. உங்கள் பெட்டி பறிபோனால், நீங்கள் கடிதம் எழுதியவர்களும் அகப்படுவார்கள் என்பதை இதிலிருந்து அறியலாம். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரை வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

நமது பகுதியில் இன்னொரு வழியும் உண்டு. விண்ணப்பம் அச்சிட கொம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோகும் பென்ட்ரைவ், பலருடைய பென்ட்ரைவ்கள் ஏறி இறங்கிய கணினியில் செருகப்படுகிறது. அச்சு வேலைக்கென ஒரு சிறிய பென்ட்ரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் பிரதி உள்ள சாதனம் வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது. விண்டோஸோடு வரும் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரே சாதாரணப் பாவனைக்குப் போதும், ஆனால் டேட்டா செலவாகிறது என்று புதுப்பித்தலை நிறுத்தி வைத்தால் அதனால் பயன் குறைவு. திருட்டு மென்பொருளை நிறுவும்போது 'டிஃபெண்டரை நிறுத்துங்கள்' என்று கேட்கப்பட்டால், அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

[திரை: கணினியில் செருகிய வெளி ஹாட் டிஸ்க், பிறகு அதன் வயர் கழற்றப்படுகிறது.]

குரல்: இனி முக்கியமான பகுதிக்கு வருகிறோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ்கள் பிஎஸ்டி கோப்புகளையும் விட்டுவைப்பதில்லை. 2017 மே மாதத்தில் பரவிய வன்னாக்ரை பூட்டிய கோப்பு வகைகளில் அதுவும் ஒன்று. கணினியோடு இணைந்திருக்கும் எந்த டிஸ்க்கையும் இவை எட்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி வலையமைப்பை இத்தகைய தாக்குதல் முடக்கியபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. அரசுக்கே நேர்ந்தது இது.

எனவே பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் ஹாட் டிஸ்க் கழற்றப்பட்டே இருக்க வேண்டும். முடியுமானால் இரண்டு டிஸ்க்குகளை வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள்; ஒரு டிஸ்க்கிலுள்ள நல்ல பிரதியின்மேல் பழுதான கோப்பு தவறுதலாக எழுதப்பட்டாலும் மற்றது மிஞ்சும். பிரதி எடுக்குமுன் அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ முழுமையாக மூடுங்கள். பல பென்ட்ரைவ்கள் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் வருகின்றன. 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அவை ஏற்கமாட்டா என்பதால், பெரிய பெட்டி உள்ளவர்கள் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடிதங்களைச் சேர்வரில் வைத்து எல்லாச் சாதனங்களிலும் ஒன்றுபோலக் காட்டும் ஐமேப் முறையில் கைபேசியிலும் கணினியிலும் ஒரே கடிதம் தெரிவதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். ஓரிடத்தில் அழிந்தால் மற்ற இடத்திலும் அழியும். ஜிமெயில் மட்டும் வைத்திருப்பவர்கள் கணக்கிலுள்ளவற்றை இறக்கித் தரும் கூகுளின் சேவையான டேக்அவுட் மூலம் முழுப் பெட்டியையும் இறக்கி, அதே டிஸ்க்கில் வைக்கலாம்.

[திரை: வேறொரு கணினியில் பிரதி திறக்கப்படுகிறது.]

குரல்: எடுத்த பிரதியை வைரஸ் இல்லாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடிதத்தைத் தேடி, அதில் உள்ள உறுதியின் படம் எழுத்துத் தெளிவாகத் திறக்கிறதா என்று சரிபாருங்கள். திறந்தால், டிஸ்க்கின்மேல் ஒரு துண்டுக் கடதாசியில் திகதியை எழுதி ஒட்டிவிட்டு வயரைக் கழற்றுங்கள். திறக்காவிட்டால், மூலப் பெட்டி நல்ல நிலையில் இருக்கும் இப்போதே மீண்டும் எடுங்கள்.