சுங்க வரியை எந்த வரிசையில் குறைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

சுங்க வரியைக் குறைக்க ஒரு நாட்டுக்கு ஓர் அரசாணை போதும். அந்த ஆணையின் விளைவு கடைசி மாவட்டம் வரை போய்ச் சேர இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். வர்த்தகத் தாராளமயம் வளரும் நாடுகளுக்கு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. எந்த வரியை முதலில் குறைத்தார்கள், எதை அப்படியே விட்டுவைத்தார்கள், அன்றைக்கு நாணயத்தின் மதிப்பு எப்படி இருந்தது, போன வருவாயை எங்கிருந்து ஈடுகட்டினார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே மாதிரி கதவைத் திறந்த இரண்டு நாடுகளில் ஒன்று தழைத்ததற்கும் மற்றொன்று தடுமாறியதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஒரு மனக்கணக்கோடு தொடங்குகிறேன். உலகச் சந்தையில் ஒரு கட்டுச் சட்டையின் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான துணி 60 டாலர். மீதி 40 டாலர்தான் தைக்கிற ஆலைக்கு நிற்பது. கூலி, மின்சாரம், வாடகை, லாபம் எல்லாம் அந்த நாற்பதுக்குள் அடங்க வேண்டும். இப்போது இறக்குமதிச் சட்டைக்கு 20 சதவீத வரி, துணிக்கு வரியே இல்லை. உள்ளூர் ஆலை சட்டையை 120 வரை விற்கலாம். துணிக்கு 60 போக, கையில் 60 நிற்கும். சட்டப் புத்தகத்தில் இருப்பது 20 சதவீதப் பாதுகாப்பு. நாற்பது அறுபதாகிவிட்டதால் ஆலைக்கு உண்மையில் கிடைப்பது 50 சதவீதம்.

அதே சட்டை வரியை வைத்துக்கொண்டு துணிக்கு 40 சதவீத வரி போட்டுப் பாருங்கள். துணி 84 டாலர் ஆகிவிடும். 120-இல் 84 போனால் 36. எந்த வரியும் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் நாற்பதைவிடக் குறைவு. பாதுகாப்பு என்ற பெயரில் அந்த ஆலைக்குத் தண்டனைதான் கிடைக்கிறது. இதைத் தலைகீழ் வரி அமைப்பு என்பார்கள். யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. நூல், உருக்கு, ரசாயனம் தயாரிப்பவர்கள் எண்ணிக்கையில் சிலர், பெரிய முதலாளிகள். அமைச்சகத்தில் அவர்கள் குரல் எடுபடும். தையல் ஆலைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே வரி குறைப்பு என்று வந்தால் முதலில் முடிவுற்ற பொருளின் வரி இறங்குகிறது, மூலப்பொருளின் வரி தங்கிவிடுகிறது. அதிகம் பேருக்கு வேலை தரும் தொழில்தான் இதில் அடிபடுகிறது.

இந்தியா 1991-இல் போன வழி இதற்கு நேர்மாறானது. அதற்கு முன் மிக உயர்ந்த இறக்குமதி வரி 300 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் உச்சவரம்பு 150 ஆனது. இயந்திரம், மூலப்பொருள், இடைநிலைப் பொருள்களுக்கான உரிமக் கட்டுப்பாடு பெரும்பாலும் அப்போதே நீங்கியது. நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, முழுதாக நீங்க 2001 ஏப்ரல் வரை ஆனது. இந்த இடைவெளியில் ஆலைகள் முன்பு கிடைக்காத உதிரிகளையும் ரசாயனங்களையும் வாங்கிப் புதிய பொருள்கள் செய்யத் தொடங்கின. தொண்ணூறுகளில் இந்திய நிறுவனங்கள் கொண்டுவந்த புதிய பொருள்களில் சுமார் 31 சதவீதத்துக்கு, மூலப்பொருள்களுக்கும் உதிரிகளுக்குமான இறக்குமதி வரி குறைந்ததே காரணம் என்று 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இறக்குமதி என்றாலே உள்ளூர்த் தொழிலுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் அதே இந்தியாவைப் பற்றிப் பொருளியலாளர் பெட்டியா தோபலோவா செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. வறுமை நாடு முழுதும் குறைந்தது. வரிக் குறைப்பு பலமாகத் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் மட்டும் அது மெதுவாகக் குறைந்தது. பாடநூல் சொல்வது, நலிந்த தொழிலை விட்டு ஆள்கள் வளரும் தொழிலுக்கு நகர்வார்கள் என்பது. நிலம், கடன், குடும்பம், மொழி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்போது நகர்வது அவ்வளவு எளிதா என்ன? பிரேசில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வரியைக் குறைத்தது. அங்கே அடிபட்ட வட்டாரங்களின் சம்பளமும் வேலையும் நாளடைவில் தேறவில்லை; மற்ற வட்டாரங்களோடு இருந்த இடைவெளி இருபது ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிதாகியிருந்தது. மறுபயிற்சிக்கு இரண்டு ஆண்டு நிதி ஒதுக்கிவிட்டுக் கணக்கை மூடும் அரசுகள் பிரச்சினையின் நீளத்தைத் தவறாக அளந்துவிடுகின்றன.

விலை உயர்ந்தால் விவசாயிக்குப் போய்ச் சேருமா என்பதற்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் முந்திரி போல் தெளிவான பாடம் வேறில்லை. அந்த நாட்டில் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைகளைக் காப்பதற்காகப் பச்சைக் கொட்டை ஏற்றுமதியை நெடுநாள் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளில் தடை போய் ஏற்றுமதி வரி வந்தது. உலக வங்கியின் வற்புறுத்தலில் அந்த வரியும் இறங்கியது. கணக்கு எளிது: வரி குறைந்தால் கொட்டைக்கு விலை ஏறும், ஏழை விவசாயி பயனடைவான். நடந்தது என்ன? விவசாயிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த வியாபாரிகள் சிலர்தான். ஏறிய விலையில் கணிசமான பங்கை அவர்களே வைத்துக்கொண்டார்கள். கொட்டை பெரும்பாலும் ஒரே நாட்டுக்கு, இந்தியாவுக்குப் போனது. வாங்குபவர் ஒருவரே என்றால் பேரம் பேசவும் வழியில்லை. மெக்மில்லன், ரோட்ரிக், வெல்ச் ஆகிய மூவரின் ஆய்வுப்படி, முந்திரி வளர்க்கும் சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 5 டாலர். மறுபக்கம் ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பலர் பெண்கள், வேலை இழந்தார்கள். வரியைத் தொடுவதற்கு முன் கொள்முதலில் போட்டி இருக்கிறதா, சாலை, கிடங்கு, கடன் வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்திருந்தால் இந்த விளைவை முன்கூட்டியே கணித்திருக்கலாம். இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

நாணய மதிப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி சாட்சி. 1979-இல் சிலி கிட்டத்தட்ட எல்லாப் பொருளுக்கும் ஒரே 10 சதவீத வரிக்கு வந்தது. அதே ஆண்டு ஒரு டாலருக்கு 39 பெசோ என்று நாணயத்தைக் கட்டிவைத்தது. உள்நாட்டு விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, டாலர் விலை நகரவில்லை. வெளிநாட்டுப் பொருள் நாளுக்கு நாள் மலிவானது, ஏற்றுமதியாளர் நட்டப்பட்டார், இடைவெளியை அந்நியக் கடன் நிரப்பியது. 1982-இல் கட்டு அறுந்தது. அந்த ஓராண்டில் உற்பத்தி சுமார் 14 சதவீதம் சரிந்தது. வரியை மறுபடி 35 சதவீதம் வரை உயர்த்திவிட்டு, நாணயம் சீரான பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார்கள். இரண்டாம் முறை அது நிலைத்தது.

அடுத்து அரசு வருவாய். ஏழை நாடுகள் சுங்க வரியை நம்பியிருப்பதற்குக் காரணம், துறைமுகத்தில் நின்று வசூலிப்பது சுலபம் என்பதே. அதைக் குறைத்து, பதிலுக்கு மதிப்புக்கூட்டு வரி போடச் சொல்வது வழக்கமான ஆலோசனை. ரசீதே இல்லாமல் வியாபாரம் நடக்கும் ஊரில் அந்த வரி எப்படி வசூலாகும்? குறைந்த வருமான நாடுகள் இழந்த ஒவ்வொரு டாலர் சுங்க வருவாய்க்கும் 30 சென்ட்டுக்கு மேல் மீட்கவில்லை என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே 2005-இல் கண்டார்கள். அந்தப் பள்ளம் பள்ளிக்கூடத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெரியும். புதிய வரி வசூலாகத் தொடங்கிய பிறகே பழையதைக் கைவிட வேண்டும்.

கடைசியாக, திடீரென்று இறக்குமதி வெள்ளமாக வந்தால் என்ன செய்வது? உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்புக்கொண்ட உச்ச வரி ஒன்று உண்டு. நடைமுறையில் வசூலிக்கும் வரி அதற்குக் கீழே இருந்தால், அந்த உச்சம் வரை உயர்த்த யாருடைய அனுமதியும் தேவையில்லை. உச்சத்தையும் தாண்ட வேண்டுமென்றால் அவசரப் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கலாம். முதலில் 200 நாள்களுக்குத் தற்காலிக வரி. விசாரணை முடிந்தால் 4 ஆண்டுகள். வளரும் நாடுகள் மொத்தம் 10 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இறக்குமதி கூடியது, உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு, முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும்.

பல நாடுகள் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் சுங்கக் குறியீட்டு எண்ணில் முதல் 6 இலக்கங்கள் உலகுக்குப் பொது. அதற்கு மேல் பிரிப்பது அந்தந்த நாட்டின் வேலை. அதைப் பிரிக்காமல் விட்டால், அடிபட்ட பொருள் ‘இதர’ என்ற வரிசைக்குள் பத்துப் பொருள்களோடு கலந்து கிடக்கும். இறக்குமதி எவ்வளவு கூடியது என்று காட்டவே முடியாது. உள்நாட்டு உற்பத்திப் புள்ளிவிவரமும் ஆண்டுக்கொரு முறைதான் வருகிறதென்றால், விசாரணைக்கான ஆதாரம் திரள்வதற்குள் ஆலை பூட்டியாகிவிடும். எனவே வரிக் குறைப்பு ஆணை வருவதற்கு ஓராண்டு முன்பே, பாதிக்கப்படக்கூடிய பொருள்களுக்குத் தனிக் குறியீடு ஒதுக்கி, மாதந்தோறும் இறக்குமதி அளவையும் உள்நாட்டு உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவு செய்யத் தொடங்கிவிட வேண்டும்.

நன்றி. வணக்கம்.