சிறு வெட்டு முதுகுச் சத்திரசிகிச்சை: திருப்தியை எந்த மலையில் வைத்து அளப்பது?

வணக்கம், ஹட்டனிலிருந்து பேசுகிறேன். சிறு வெட்டு வழியாகச் செய்யப்படும் இடுப்பு முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் பிறகு திருப்தியாக இருக்கிறார்களா என்று நேயர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஆகவே கொழுந்துக் கூடையையும் செங்குத்தான மலையையும் மனத்தில் வைத்தே இதற்குப் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தும்போது, இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை வலி இறங்குகிறது. இது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நிகழ்கிறது. பழைய முறையில் முதுகுத் தசையை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்கிவிட்டுத்தான் நரம்பை அடைந்தார்கள். இப்போதைய முறையில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வெட்டு வழியாக ஒரு குழாயைத் தசை நார்களுக்கு இடையே செலுத்தி, நுண்நோக்கியின் அல்லது சிறு கமராவின் உதவியுடன், பிதுங்கிய பகுதியை மட்டும் அகற்றுகிறார்கள். இரத்த இழப்பு குறைவு. காயத்தின் வலியும் குறைவு. பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

இவ்வளவையும் கேட்டவுடன், வெட்டு சிறிதானால் திருப்தி பெரிதாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 328 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு கழித்து நன்றாகக் குணமடைந்துவிட்டோம் என்று சொன்னவர்கள் குழாய் முறையில் 69 வீதத்தினர். நுண்நோக்கி கொண்டு செய்யப்படும் வழக்கமான முறையில் 79 வீதத்தினர். அதே நாட்டில் 613 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், கமரா வழியாகச் செய்யும் முறை கால் வலியைக் குறைப்பதில் வழக்கமான முறைக்குக் குறைந்ததன்று என்று தெரியவந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நோயாளிக்கு நிம்மதி தருவது நரம்பின் மீதிருந்த அழுத்தம் நீங்கியதே. தோலில் இருக்கும் தழும்பின் நீளம் முதல் சில வாரங்களுக்குப் பிறகு பெரிதாகப் பொருட்படுவதில்லை. எனவே சிறு வெட்டு என்ற ஒரே காரணத்துக்காகத் தனியார் வைத்தியசாலையில் கடன்பட்டுச் சிகிச்சை பெற நினைப்பவர்கள், அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரிடம் முதலில் பேசிப் பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, பலருடைய ஏமாற்றத்துக்குக் காரணமாக இருக்கும் விடயம். இந்தச் சிகிச்சை கால் வலியைத்தான் நன்றாகக் குறைக்கிறது. இடுப்பு வலி அந்த அளவுக்குக் குறைவதில்லை. மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். சிகிச்சைக்கு முன்பே இதை அறிந்திருப்பவர், கால் வலி போனதை நன்மையாகக் காண்கிறார். எல்லா வலியும் போய்விடும் என்று நம்பிச் சென்றவரோ, அதே முடிவைத் தோல்வியாகக் காண்கிறார். புகைத்தலும் நீண்டகால மனச்சோர்வும் திருப்தியைக் குறைக்கின்றன என்பதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டதே.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். முதுகு நோயாளிகளின் நிலையை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒஸ்வெஸ்ட்ரி வினாக்கொத்து 1980இல் வெளியானது. அதில் 10 பகுதிகள் உள்ளன: வலியின் கடுமை, உடல் பராமரிப்பு, பாரம் தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம் என்று அது செல்கிறது. நடத்தல் என்ற பகுதி எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்றுதான் கேட்கிறது. ஏற்றமா இறக்கமா என்று கேட்பதில்லை. கொழுந்து நிறைந்த பாரத்தை முதுகில் சுமந்துகொண்டு, மழையில் வழுக்கும் சரிவில் குனிந்து நிமிர்ந்து கொழுந்தெடுக்கும் ஒருவருடைய நாள், அந்தப் பத்துப் பகுதிகளுக்குள் அடங்காது. என் அத்தை ஒருவர் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர். கிளினிக்கில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வருவார். அது உண்மையும்கூட, ஏனென்றால் இரவில் அவரால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. ஆனால் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது அன்றைய முழு நாட்கூலி, என்ற நிலையில், அவருக்கு அரைப்பேருக்குக்கூட எடுக்க முடியவில்லை. அதை அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே சிகிச்சைக்கு முன்பே உங்கள் வேலையை வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள். எத்தனை கிலோ சுமக்கிறீர்கள், நீங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கு எவ்வளவு ஏற வேண்டும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையா, கொந்தரப்பு (ஒப்பந்த) வேலையா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டிய தகவல்கள். எப்போது மீண்டும் பாரம் தூக்கலாம், டிஸ்க் மீண்டும் பிதுங்கினால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். அப்படி மீண்டும் பிதுங்குவது அரிதான ஒன்றன்று. இலங்கையில் தமிழும் அரசகரும மொழி. சம்மதப் பத்திரத்தில் இருப்பதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். வைத்தியர் எழுதித் தரும் இலகு வேலைக் கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்து, அதன் பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள்.

அவசரப்படவும் வேண்டியதில்லை. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 283 பேர் பங்குபற்றினர். உடனே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் விரைவாகக் குணமடைந்தார்கள். பொறுத்திருந்த பிரிவில் 39 வீதத்தினருக்குப் பின்னர் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 வீதத்தினர் தேறியிருந்தார்கள். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சில வாரங்கள் முந்திக் குணமாவதும் பெரிய விடயம்தான் என்பதை நான் மறுக்கவில்லை. அதையும் வைத்தியரோடு சேர்ந்தே எடைபோட வேண்டும்.

ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமற்போதல், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களும் பலவீனமடைதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சத்திரசிகிச்சை முடிந்து ஓராண்டைக் கடந்த நேயர்கள், எந்த வேலைக்குத் திரும்ப முடிந்தது, எதைக் கைவிட நேர்ந்தது என்று கீழே எழுதுங்கள். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபி நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அடுத்த காணொளிக்குத் தயார் செய்கிறேன். நன்றி.