பூனை ஆண்டு என்று சொன்ன பாட்டி

அனைவருக்கும் வணக்கம். முதியோர் நலத்தில் வேலை செய்யும் உங்களிடம் ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். ஆண்டு 2023. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு கிளினிக்கில் நினைவாற்றல் சோதனை நடக்கிறது. எதிரில் இருப்பவர் வியட்நாமியப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது எந்த ஆண்டு?" என்று டாக்டர் கேட்கிறார். "பூனை ஆண்டு" என்கிறார் பாட்டி. தாளில் பூஜ்யம் விழுகிறது.

ஆனால் அந்தப் பதில் சரி. வியட்நாமியரின் சந்திர நாட்காட்டியில் அது பூனை ஆண்டுதான். சீனர்கள்தான் அதை முயல் ஆண்டு என்பார்கள். அடுத்து, "இப்போது என்ன பருவம்?" தென்வியட்நாமின் தலைநகராக இருந்த சைகோனில் வளர்ந்தவருக்கு மழைக்காலம், வறண்ட காலம் என இரண்டே பருவங்கள். அங்கும் தடுமாற்றம்.

நினைவாற்றலைச் சோதிக்கும் அந்த 30 மதிப்பெண் தாள் 1975இல் வெளியானது. வியட்நாம் போரில் சைகோன் வடவியட்நாமிடம் வீழ்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர் அகதிகளாக அமெரிக்கா வந்ததும் அதே ஆண்டில்தான். ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்லும் கேள்வியும் அதில் உண்டு. குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும் மொழியில் அதை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும்? போரால் படிப்பு பாதியில் நின்றவரிடம் நாம் அளப்பது நினைவையா, பள்ளிக்கூடத்தையா?

சரி, இதற்கு நேரெதிரான தவறு வீட்டில் நடக்கிறது. வியட்நாமிய மொழியில் 'லன்' என்றொரு சொல் இருக்கிறது. குழம்பிப்போதல் என்று பொருள். "பாட்டிக்கு லன் வந்துவிட்டது, வயசாச்சு இல்லையா" என்று குடும்பம் விட்டுவிடுகிறது. நினைவும் சிந்தனையும் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறைந்துபோகும் டிமென்ஷியா ஒரு நோய். நரை, திரை போல வயதோடு எல்லோருக்கும் வருவதல்ல. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தோல்வியடைந்த தென்வியட்நாம் ராணுவத்தில் இருந்ததற்காக 'மறுகல்வி முகாம்' என்ற சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள், படகில் கடல் கடந்தவர்கள் இந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்தை மறதி என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. மறதியை மௌனம் என்று விட்டுவிடவும் கூடாது.

அப்புறம், பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். பாட்டி தேதியைத் தப்பாகச் சொன்னால், பிள்ளை பாசத்தில் திருத்திச் சொல்லிவிடும். டாக்டருக்கு எதுவும் தெரியாமல் போகும்.

அமெரிக்காவில் மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு பெறுபவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நலச் சந்திப்பு உண்டு. மறதியைக் கவனிப்பதும் அதில் ஒரு பகுதி. நீங்கள் அழைத்துச் செல்லும் பெரியவருக்குப் பயிற்சி பெற்ற வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். எத்தனை வகுப்பு படித்தார், எந்த நாட்காட்டியைப் பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் குறைந்தால் அதுவே நோய் என்று ஆகிவிடாது. அடுத்த பரிசோதனை எப்போது என்று தேதி வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.