காஸ்டீயோவை அந்த ஒரு கிளிப்பை வைத்து எடை போடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை, அதனால் இன்றைக்கே வந்துவிட்டேன். எப்போதும் முதலில் டீ போட்டுக்கொண்டு உட்காருவேன் இல்லையா, இன்றைக்கு அதுவும் இல்லை. அவ்வளவு எரிச்சல்.

இரண்டு நாளாக ஒரே கிளிப் என் ஃபோனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். 2005 மே 7, லாஸ் வேகாஸ், லைட்வெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி, பத்தாவது ரவுண்டு. டியேகோ கோராலஸ் இரண்டு முறை கீழே விழுகிறார், எழுந்து வந்து எதிராளியைக் கயிற்றோரம் தள்ளி அடித்து முடித்துவிடுகிறார். பின்னணியில் வயலின், மேலே 'விழுந்தாலும் எழு' என்று எழுத்து. கோராலஸ் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் கயிற்றில் சாய்ந்து கை தொங்க நிற்கிறாரே, அந்த மனிதருக்குப் பெயர் இல்லையா? அவர் ஹோசே லூயிஸ் காஸ்டீயோ. இந்தச் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் என்றால் எனக்கு எவ்வளவு இஷ்டம் என்று தெரியும்.

மெக்சிகோவில் சொனோரா மாநிலம், எம்பால்மே என்ற ஊர். ரயில் பாதைகள் சேரும் இடத்தில் வளர்ந்த ஊர், பெயருக்கே சந்திப்பு என்றுதான் அர்த்தம். 1973இல் பிறந்தார், 1990இல் பதினாறு வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்துவிட்டார். பட்டப்பெயர் எல் தெமிப்லே, பயமுறுத்துகிறவன். பத்து வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2000 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஸ்டீவி ஜான்ஸ்டனைத் தோற்கடித்து டபிள்யூபிசி, அதாவது உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் லைட்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தை வாங்கினார். அவர் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு.

மூன்று மாதத்தில் மறுபோட்டி, ஜான்ஸ்டனின் சொந்த ஊரான டென்வரில். முடிந்ததும் ஜான்ஸ்டன் ஜெயித்தார் என்று அறிவித்துவிட்டார்கள், கூட்டம் ஆடுகிறது. அப்புறம் பார்த்தால் புள்ளிகளைக் கூட்டியதில் தப்பு! திரும்பக் கூட்டிப் பார்த்து டிரா என்று மாற்றினார்கள், பட்டம் காஸ்டீயோவிடமே இருந்தது. ஒரு கூட்டல் கணக்கு, அதில் ஒரு மனிதரின் பட்டம் போய்த் திரும்பி வருகிறது.

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் அவர் மெக்சிகோவின் பெரிய சாம்பியன் ஹூலியோ சேசர் சாவேஸின் ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சிச் சண்டையில் எதிரே நிற்கிறவராக, இருந்தவர். சாவேஸ் பிறந்ததும் சொனோராதான். நெற்றியை எதிராளியின் தோளில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் விலாவுக்குக் கீழே குத்திக் குத்தி மூச்சை வாங்க வைப்பதை எங்கே கற்றார் என்று கேட்டால், தினமும் சாவேஸிடம் வாங்கிக் கற்றார், அவ்வளவுதான்.

சரி, 2002 ஏப்ரல் 20க்கு வருகிறேன். லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் அரங்கம். எதிரே ஃபிளாய்ட் மேவெதர். 50 போட்டியில் 50 வெற்றி என்று ஓய்வு பெற்றாரே, அவரேதான். அன்றைக்கு அவர் தோற்றார் என்பது என் தீர்ப்பு. நான் மட்டும் சொல்லவில்லை, எச்பிஓ டிவியில் உட்கார்ந்து புள்ளி போட்ட ஹரால்டு லெடர்மன் 115-111 என்று காஸ்டீயோவுக்குக் கொடுத்தார் (ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9, அதன் கூட்டல்). விழுந்த குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் காஸ்டீயோ 203 குத்து, மேவெதர் 157. அதில் ஜாப், அதாவது முன்கையால் நேராகப் போடும் லேசான குத்து, அதைத் தவிர்த்த பலமான குத்துகளை மட்டும் எடுத்தால் 173க்கு 66. நூற்று எழுபத்து மூன்றுக்கு அறுபத்தாறு, மக்களே! நடுவர்கள் மூன்று பேரும் மேவெதருக்குக் கொடுத்தார்கள், ஒருவர் 116-111, மற்ற இருவரும் 115-111. முதல் சில ரவுண்டுகள் மேவெதருக்குத்தான், மறுக்கவில்லை. இடது தோளில் காயத்தோடு வந்தேன் என்று அவர் சொன்னார், இருக்கட்டும். ஆனால் பின்பாதியில் அவர் முதுகு கயிற்றை விட்டு விலகுகிறதா என்று பாருங்கள். டிசம்பர் மறுபோட்டியில் மேவெதர் ஜெயித்தது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்த ஏப்ரல்தான் உறுத்துகிறது.

இப்போது எல்லோரும் கேட்கும் எடை விஷயம், காஸ்டீயோ வரம்பைத் தாண்டிய எடையோடு வந்த கதை. அதற்காகவே இதை வாங்கினேன். எடை பார்க்கும் மிஷின், டிஜிட்டல், 1,349 ரூபாய். இது வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் வந்தது ஏறி நின்றால் ஒரு எண், இறங்கி ஏறினால் வேறு எண், மூன்று கிலோ வித்தியாசம். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதாக வந்ததில் பேட்டரி மூடியே இல்லை. டேப் ஒட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள் ஃபோனில்! 1,349 கொடுத்து நான் ஏன் டேப் ஒட்ட வேண்டும்? பதினொரு நாள் இழுத்தடித்து, நான்கு முறை ஃபோன் போட்டு, நேற்று சாயங்காலம்தான் ஒழுங்கான மிஷின் வந்தது. வந்தவுடன் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்தேன். 10.0 என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அடடா.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். பை மேலேயே இருக்கிறது. என் கால் கட்டைவிரலை மிஷினின் ஓரத்துக்கு அடியில் நுழைத்து, லேசாகத் தூக்குகிறேன். 9.6... 9.1... 8.4. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காணோம். பை அசையக்கூட இல்லை.

2005 அக்டோபரில் கோராலஸுடன் மறுபோட்டிக்கு எடை பார்த்தபோது இதேதான் நடந்தது. காஸ்டீயோ தரப்பு மருத்துவர் ஒருவர் தராசுக்கு அடியில் காலை வைத்தது பிடிபட்டது. லைட்வெயிட் வரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. காஸ்டீயோ 138.5 இருந்தார். மூன்றரை பவுண்டு கூடுதல். பட்டத்தைப் பணயம் வைக்காமல் மோதினார்கள், நான்காவது ரவுண்டில் இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்தில், காஸ்டீயோ நாக் அவுட் செய்தார். எனக்கு மிகவும் பிடித்தவர்தான், ஆனாலும் அந்த வெற்றியை நான் கொண்டாட மாட்டேன். கோராலஸ் உடம்பை வற்ற வைத்து 135க்கு இறங்கி வந்திருக்கிறார். எதிராளி அந்தச் சிரமத்தை முழுசாகப் படவில்லை. இது அநியாயம். 2006 ஜூனில் மூன்றாவது போட்டி வைத்தார்கள், இந்த முறை காஸ்டீயோ 139.5 பவுண்டு! போட்டியே ரத்து. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது, அந்த வருஷம் முடியும் வரை தடையும் விதித்தது.

முப்பது தாண்டிய உடம்பு அந்த எடைக்கு இறங்க மறுத்துவிட்டது, அதுதான் விஷயம். 140 பவுண்டுப் பிரிவுக்கு அப்போதே போயிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கிளிப்புக்குத் திரும்புகிறேன். அதற்கு முன்னால் ஒன்பது ரவுண்டு இருக்கிறது, யாரும் காட்டுவதில்லை. கோராலஸ் நல்ல உயரம், தள்ளி நின்று அடிக்கலாம். அவர் வேண்டுமென்றே காஸ்டீயோவின் இடத்துக்கே வந்து தலையோடு தலை முட்டி நின்றார். இருவரும் ஒரு அடி பின்வாங்கவில்லை. பத்தாவதில் விழுந்தபோது கோராலஸ் மவுத்பீஸை, அதாவது பல்லைக் காக்க வாயில் மாட்டுவதை, இரண்டு முறையும் துப்பினார். அதைக் கழுவி மாட்டுகிற நேரமும் அவருக்கு மூச்சு வாங்கக் கிடைத்தது. இரண்டாவது முறை ஒரு புள்ளி பிடித்தார்கள். ரவுண்டு ஆரம்பித்து 2 நிமிடம் 6 விநாடியில் நடுவர் டோனி வீக்ஸ் நிறுத்தினார். சரியான முடிவுதான், காஸ்டீயோவுக்கு அப்போது நினைவே இல்லை. ஆனால் அந்த ரவுண்டில் இரண்டு முறை வீழ்த்தியவர் அவர். அந்த ஆள் இல்லாமல் அந்த ரவுண்டே இல்லை.

2007 மே 7, அதே தேதி, சரியாக இரண்டு வருஷம் கழித்து, கோராலஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். இருபத்தொன்பது வயது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த மாதமே காஸ்டீயோ 140இல் ரிக்கி ஹாட்டனிடம் ஈரலில் ஒரு குத்து வாங்கி நான்காவது ரவுண்டில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்க விலாவில் குத்தியவருக்கு விலாவிலேயே. கடைசிப் போட்டி 2014இல் மாஸ்கோவில், நாற்பது வயதில். மொத்தம் 66 வெற்றி, 57 நாக் அவுட், 13 தோல்வி, ஒரு டிரா. அந்த ஒரு டிராதான் டென்வர்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2002 ஏப்ரல் சண்டையைப் போடுங்கள், சத்தத்தை நிறுத்திவிடுங்கள், வர்ணனை வேண்டாம். பேப்பரும் பென்சிலும் எடுத்து ரவுண்டுக்கு ரவுண்டு புள்ளி போடுங்கள். என் கணக்கில் பன்னிரண்டு ரவுண்டில் காஸ்டீயோவுக்கு 7, மேவெதருக்கு 5. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் எந்தெந்த ரவுண்டு என்று எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். வருகிறேன்.