தண்டவாளம் போன பிறகு: ஒட்டாகோவில் 152 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்

[காட்சி: வெயிலில் காய்ந்த மஞ்சள் புல்வெளி. தொலைவில் நீலக் குன்றுகள். நடுவே நூல் பிடித்தது போல ஒரு சரளைப் பாதை. ஒரே ஒரு சைக்கிள்.]

சுற்றிலும் குன்றுகள். ஆனால் இந்தச் சைக்கிள்காரர் காலையிலிருந்து ஒரு முறைகூட எழுந்து நின்று மிதிக்கவில்லை. ஓட்டுவது மலைச் சைக்கிள். மலை ஏறுகிறாரா என்றால் இல்லை. இந்தப் பாதையை வகுத்தவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி எந்த நினைப்பும் இருந்ததில்லை. நீராவி எஞ்சினின் சக்கரம் வழுக்கிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒட்டாகோ வட்டாரத்தின் உட்பகுதி இது. கிளைட் என்ற சிற்றூரில் தொடங்கி மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம்.

[காட்சி: தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம், மிக அருகில்.]

ரயிலின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். அதனால் சமதளத்தில் பெரும் பாரம்கூட எளிதாக உருளும். அதே காரணத்தால் ஏற்றம் வந்தால் பிடிப்பு போய்விடும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எனவே இங்கே பொறியாளர்கள் ஏற்றத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: 50 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர்தான் உயரலாம். அதற்காக மேட்டை வெட்டினார்கள், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பினார்கள். இரண்டும் முடியாத இடத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாட்டோ கிரீக்கிலிருந்து ஓமகாவ் போகும் வழியில் டைகர் ஹில் என்று ஒரு குன்று வரும். பாதையிலேயே செங்குத்தான பகுதி இதுதான் என்பார்கள். பெயரில்தான் புலி. இங்கும் அதே ஐம்பதுக்கு ஒன்று.

[காட்சி: புல் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சைக்கிள்காரர் குனிந்து மிதிக்கிறார்.]

அப்படியானால் சுலபமா? இல்லை. இங்கே காற்றுதான் மலை. ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. இந்த ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 18 நியூட்டன். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், அந்தக் காற்று தள்ளும் விசை 40 நியூட்டனைத் தாண்டும். அதாவது ரயிலுக்கென்று தவிர்த்த ஏற்றத்தைப் போல இரண்டு மடங்கை, சமதளத்திலேயே காற்று நம் முன்னால் நிறுத்திவிடுகிறது. மறைந்து போக மரமும் அதிகம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. இறக்கத்தில் ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. இவ்வளவு மெல்லிய சரிவில், சரளையின் மேல், பெடலை விட்டால் சைக்கிள் சோம்பலாக உருளும். காற்று எதிர்த்தால் அதுவும் நின்றுவிடும். ஏற எழுந்திருக்கவும் வேண்டாம், இறங்க மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. நாள் முழுவதும் இருக்கையில்தான். ஆகவே முதலில் வலிப்பது கால் அல்ல. எது என்று சொல்லத் தேவையில்லை. நல்ல இருக்கைக்கும் பஞ்சு வைத்த கால்சட்டைக்கும் செலவழியுங்கள். விலை உயர்ந்த பின்பக்க சஸ்பென்ஷனுக்கு இங்கே வேலை இல்லை. அகலமான டயர் போதும், அதிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சரளையின் அதிர்வு கைக்கு ஏறாது.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் பாணியில் வரைபடம். கோடு மெல்ல நீள்கிறது.]

1862இல் கிளைட் பக்கத்து ஆற்றில் தங்கம் கிடைத்தது. கூட்டம் குவிந்தது. ரயில் வேலை தொடங்கியதோ 1879இல். கடற்கரைப் பக்கமிருந்து கிளம்பிய ரயில் மிடில்மார்ச் வந்தது 1891இல். கிளைட்டைத் தொட்டது 1907இல். தங்க வேட்டைக்கு 45 ஆண்டு தாமதம்! அதனால் ரயில் சுமந்ததெல்லாம் ஆடு, கம்பளி, பழம். 1921இல் கிளைட்டுக்கும் அப்பால் குரோம்வெல் ஊர் வரை நீண்டது. பிறகு லாரிகள் வந்தன. நெடுந்தூரச் சரக்கு ரயிலுக்கே என்றிருந்த சட்டப் பாதுகாப்பு 1983இல் போனது.

கடைசிக் கட்டத்தில் இந்த ரயிலின் கதையை எழுதியது ஓர் அணை. கிளைட் அணைக்காகப் பள்ளத்தாக்கு மூழ்க வேண்டியிருந்ததால் குரோம்வெல் துண்டு 1980இல் மூடப்பட்டது. மிச்சப் பாதை அதே அணைக்குப் பொருள்களைச் சுமந்து பிழைத்தது. அந்தச் சுமை தீர்ந்ததும், 1990 ஏப்ரல் 30 அன்று அதுவும் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்தார்கள்.

இந்த நிலம் மட்டும் பக்கத்துப் பண்ணைகளுக்குத் துண்டு துண்டாகப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரயில் தடத்தின் மதிப்பு அதன் நீளத்தில்தான். நடுவே ஒரு கிலோமீட்டர் போனாலும் மீதி வெறும் மண்மேடு. 1993இல் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நாடா போல நீண்ட அந்த நிலம் முழுவதையும் சேர்த்து வாங்கியது. பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் போட்டு, ஜல்லியின் மேல் சரளை பரப்பி, 2000இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. எனக்கு இதில் பிடித்தது பாலம் கட்டியவர்களைவிட, அன்று பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களை.

[காட்சி: இருட்டு. ஒரு டார்ச் வெளிச்சம் பாறைச் சுவரில் ஊர்கிறது.]

லாடர் தாண்டியதும் வருவது பூல்பர்ன் பள்ளத்தாக்கு. மற்ற இடமெல்லாம் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும். இரண்டு சுரங்கப்பாதைகள், இரண்டுமே 200 மீட்டரைத் தாண்டியவை. உள்ளே விளக்கு கிடையாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பதே நல்லது. வெளியே வந்தால் காலடியில் 37 மீட்டர் ஆழம். பூல்பர்ன் பாலத்தின் தூண்கள் அந்த வட்டாரத்துப் பாறையையே செதுக்கி அடுக்கியவை. எது மலை, எது தூண் என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

அதற்கப்பால் மனியோடோடோ சமவெளி. வெடர்பர்ன் அருகே பாதையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர். நாட்டிலேயே பதிவான மிகக் கடுங்குளிர், மைனஸ் 25.6 டிகிரி, 1903இல் இந்தச் சமவெளியின் ரான்ஃபர்லியில்தான். ஊருக்கு ஊர் தூரம். தண்ணீரும் பஞ்சர் ஒட்டும் பொருளும் கையில் இருக்கட்டும்.

[காட்சி: மண் வெட்டுக்குள் திரும்பும் வளைவு. பின்னர் ஒரு கல் நினைவுச் சின்னம்.]

ஹைட் ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். ஏற்றத்தைத் தவிர்த்த ரயில், அதற்கு விலையாக வளைவுகளை வாங்கிக்கொண்டது. சைக்கிளுக்கு அவை சுகம். 1943 ஜூன் 4 அன்று குரோம்வெல்லிலிருந்து வந்த பயணிகள் ரயில், வேக வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிய வேகத்தில் இங்கே ஒரு வளைவுக்குள் நுழைந்து தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். உலகப் போர்ச் செய்திகளுக்கு நடுவே அது சீக்கிரமே மறைந்து போனது. சின்னம் வைக்கப்பட்டது ரயில் நின்றுபோன பிறகுதான்.

[காட்சி: மிடில்மார்ச் நிலையம். சைக்கிள் நிற்கிறது. கேமரா மெல்லத் தரைக்கு இறங்குகிறது.]

மிடில்மார்ச்சோடு நம் பாதை முடிகிறது. இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பகுதியை டனீடின் நகராட்சி வாங்கிவிட்டதால் அதை யாரும் பெயர்க்கவில்லை. 152 கிலோமீட்டர் ரயில் பாதையில் வந்து, சைக்கிளை விட்டு இறங்கும் இடத்தில்தான் முதல் தண்டவாளத்தைப் பார்க்கிறோம்.